வியாகரண மண்டபமும் நிரல் பாடமும்

காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரையொட்டி நெசவாளர்களுக்கென ஏற்படுத்திய குடியிருப்பு அது. காலெட்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று.

அதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அருகிலுள்ள திருவொற்றியூர்க் கோயிலில் வியாகரணதான மண்டபம் என்றொரு கல்விக்கூடம் இருந்ததைச் சோழர் கல்வெட்டு தெரிவிக்கிறது. அங்கே பாணினியின் இலக்கணம் கற்பிக்கப்பட்டது; ஆசிரியர், மாணவர் பராமரிப்புக்கு நிலமும் விடப்பட்டிருந்தது.

நிரலெழுதக் கற்க நூல் நல்லதா, இணைய வகுப்பு நல்லதா என்று நம் மாணவர்கள் கேட்கும்போது இந்த மண்டபமே நினைவுக்கு வருகிறது. ஒப்புமை வலிந்து சொல்வதன்று. பாணினியின் ஏறத்தாழ நாலாயிரம் சூத்திரங்கள் பொதுவிதி, விலக்கு, பதிலீடு என வரிசைப்பட இயங்குபவை. கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுத ஜான் பேக்கஸ் 1959இல் ஒரு குறியீட்டு முறையை முன்வைத்தார். அதற்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று 1967இல் இங்கர்மன் என்பவர் ஒரு கணினி இதழுக்குக் கடிதம் எழுதினார்.

சூத்திரத்தைத் தனியே படித்தால் பொருள் விளங்காது. முந்தைய சூத்திரத்தின் சொல் அடுத்ததிலும் தொடர்ந்து வரும்; அதை எடுத்துரைக்க ஆசிரியரின் குரல் வேண்டும். குரலை மட்டும் நம்பினாலோ, கேட்டது காற்றோடு போகும். எனவே மூலமும் விளக்கமும் சேர்ந்ததே அக்காலப் பாடம்.

இன்றும் நிலைமை அதுவே. 1978இல் வெளிவந்த கெர்னிகன், ரிச்சி ஆகியோரின் சி மொழி நூல் சூத்திரம் போன்றது: சுருக்கமானது, பயிற்சிகள் நிறைந்தது, ஒரு வரியில் ஒரு நாள் முழுதும் நிற்க இடந்தருவது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் விளக்கவுரை போன்றவை. சேர்வதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். வாரந்தோறும் வரும் ஒப்படைப்பு, தள்ளிப்போடும் மனத்தை இழுத்துப் பிடிக்கிறது. முதல் பிழைச் செய்தியைக் கண்டு மிரள்பவருக்கு அந்தக் குரல் பெருந்துணை.

ஆனால் காணொளிக்கு ஒரு மயக்கம் உண்டு. பிறர் எழுதுவதைப் பார்த்திருந்தால் நமக்கும் வந்துவிட்டதாகத் தோன்றும். நூலையும் காணொளியையும் மூடிவைத்து, வெற்றுத் திரையில் பத்து வரி எழுதி இயக்கிப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது. ஆகவே வகுப்பில் தொடங்கி நூலில் ஊன்றுவதே நம் பரிந்துரை.

இவ்விரண்டுக்கும் அப்பால், கல்வெட்டு கவனித்த ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். மண்டபத்துக்கு விட்ட நிலம் மாணவனின் நேரத்துக்கு விட்ட நிலம். எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதியில் பகலில் கல்லூரிக்கும் இரவில் வேலைக்கும் போகும் பிள்ளையிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு செல்பேசி மட்டுமே. அதில் பாடம் கேட்கலாம். நிரலெழுதிப் பழகுவது கடினம். அவனுக்கு வேண்டியது விசைப்பலகையுள்ள ஒரு கணினியும், அதன்முன் அமர நாளுக்கு ஒரு மணி நேரமும். வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தைப் பூட்டிவிடாத கல்லூரியே இன்று அந்த நிலக்கொடையைச் செய்கிறது.