பல்தாங்கு திசுக்களில் எலும்புப் புரதங்கள்

பல்லைத் தாடையில் நிறுத்துபவை ஈறு, வேரைப் போர்த்திய பற்காரை, பற்குழி எலும்பு, பற்காரையையும் எலும்பையும் பிணைக்கும் சுமார் 0.2 மி.மீ. அகலப் பல்சூழ் இணைநார் ஆகியன. எலும்பில் காணப்படும் எலும்பு சியாலோபுரதமும் ஆஸ்டியோபான்டினும் பற்காரையிலும் மிகுந்துள்ளன. இதைக் கொண்டு பற்காரையை எலும்பின் ஒரு வகை எனக் கூறுவது பொருந்தாது. பற்காரையில் இரத்தக் குழாய்கள் இல்லை. எலும்பைப் போல் அது தொடர்ந்து கரைந்து புதுப்பிக்கப்படுவதும் இல்லை. ஒரே புரதம் இருக்குமிடத்துக்கேற்ப வெவ்வேறு பணி செய்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

எலும்பு சியாலோபுரதம் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் உருவாகத் தூண்டுகிறது. ஆஸ்டியோபான்டின் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. முன்னது இல்லாத சுண்டெலிகளில் உயிரணுவற்ற பற்காரை சரியாக உருவாவதில்லை. இணைநார் இழைகள் வேரில் பிடிப்பின்றிக் கழன்றுவிடுகின்றன. ஆஸ்டியோபான்டின் இல்லாத சுண்டெலிகளில் பற்காரை பெரிதும் மாறவில்லையே, அதன் பங்கு அற்பமல்லவா என்று கேட்கலாம். ஆனால் படிகமாவதைத் தடுக்கும் பைரோபாஸ்பேட் தனியே இயங்குவதால், ஒரு தடை நீங்கினாலும் மற்றொன்று எஞ்சுகிறது. பைரோபாஸ்பேட்டைச் சிதைக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி குறையும் ஹைப்போபாஸ்படேசியா நோயில், பற்காரை உருவாகாமல் குழந்தைகளின் பாற்பற்கள் வேரோடு முன்கூட்டியே விழுகின்றன. எனவே பல்லின் பிடிப்பு தூண்டலுக்கும் தடைக்கும் இடையிலான சமநிலையையே சார்ந்தது. தனியொரு புரதத்தின் அளவு அதை முடிவு செய்வதில்லை.