போலி: பூப்போட்ட தட்டின் வரலாறு

இலக்கணத்தில் 'போலி' என்பது வசைச்சொல் அன்று. 'அறம்' என்னும் சொல்லின் ஈற்றில் மகரத்துக்குப் பதிலாக னகரம் வந்து 'அறன்' என்று நின்றாலும் பொருள் மாறுவதில்லை. இதைக் கடைப்போலி என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். அதே சொல் கடைத்தெருவுக்கு வந்ததும் இழிவை ஏற்றுக்கொள்கிறது. நம் சமையலறைகளில் இருந்த பூப்போட்ட தட்டுகளின் வரலாற்றைப் பார்க்கும்போது, இவ்விரு பொருள்களில் எது அவற்றுக்குப் பொருந்தும் என்ற கேள்வி எழுகிறது.

தென்மாவட்டங்களின் பழைய வீடுகள் சிலவற்றில் ரோஜாக்கொத்து போட்ட தட்டுகளையும் மூடியிட்ட கிண்ணங்களையும் பார்த்திருப்போம். பர்மா, மலாயா, இலங்கை வணிகத்தின் வழியே இவை செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப்பொருள்களாய் நிறைந்தன. ஸ்வீடனிலும் செக்கோஸ்லோவாகியாவிலும் செய்யப்பட்ட எனாமல் பாத்திரங்களைக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் காணலாம். இவற்றுக்கு வழங்கும் பெயர்களே தொலைவிலிருந்து வந்தவை. 'பீங்கான்' பாரசீகச் சொல். 'மங்கு' என்பதை, கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் உருக்கி ஒட்டச் செய்வது. பார்வைக்குப் பீங்கான், விலை குறைவு, கீழே விழுந்தால் சில்லு பெயருமேயன்றி உடைந்து போகாது. தட்டே ஒரு போலி என்றால், பலவற்றில் அதன் மேலுள்ள பூவும் தூரிகையால் தீட்டப்பட்டதாகத் தோன்றும் அச்சுப் பூவே.

இப்போலிகளுக்கெல்லாம் மூலமாக நிற்பது சீனத்தின் நீலப்பூப் பீங்கான். அதன் விலை ஐரோப்பியச் செல்வர்களுக்கே எட்டியது. லிவர்பூல் நகரத்து ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர் 1756 ஜூலை 27 அன்று ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டதாக உறுதிமொழிப் பத்திரம் அளித்தனர். நூறு தேர்ந்த ஓவியர்கள் சேர்ந்தாலும் அந்நேரத்தில் அவ்வளவு தீட்ட முடியாது என்று குயவர்கள் சான்று கூறினர். சில ஆண்டுகளில் ஜோசையா வெட்ஜ்வுட் தம் பாத்திரங்களைப் படம் பதிக்க அவர்களிடம் அனுப்பலானார்.

பின்னர் பரவிய முறை எளியது. செப்புத் தகட்டில் சித்திரத்தைச் செதுக்குவர். எண்ணெயில் குழைத்த வண்ணத்தை அதில் தேய்த்து மெல்லிய தாளில் அச்சிடுவர். அத்தாளைப் பாத்திரத்தில் ஒட்டி அழுத்தித் தேய்ப்பர். தாளை நீரில் கழுவியெடுத்தால் படம் மட்டும் தங்கும். பிறகு மெருகிட்டுச் சூளையில் வைப்பர். 'வில்லோ' எனப்படும் புகழ்பெற்ற நீலச்சித்திரம் இவ்வாறு உலகெங்கும் பரவியது. சீனத்துக் காதல் கதையாக அதற்குச் சொல்லப்படுவது இங்கிலாந்தில் புனையப்பட்டது. போலி தனக்கென ஒரு தொன்மத்தையும் படைத்துக்கொண்டது.

1796இல் ஜெர்மானியரான செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். கல்லில் வரைந்து பல வண்ணங்களில் தாளில் அச்சிடும் கலை வளர்ந்தபோது, பாத்திரத்துக்குரிய படங்களும் அவ்வழியே பல வண்ணம் பெற்றன. நீலப்பூ இருந்த இடத்தில் ரோஜா மலர்ந்தது. இக்கல்லச்சின் இன்னொரு கிளை நம் கரிசல் மண்ணில் வேரூன்றியது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அத்தேவையே இங்கே அச்சகங்களை வளர்த்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜு கையால் தீட்டிய தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, நாள்காட்டிகளாக எளியவர் சுவர்களை அடைந்தன. தட்டின் ரோஜாவும் சுவரின் லட்சுமியும் ஒரே தொழில்நுட்பக் குடும்பத்தவர். ஓவியம் வாங்க இயலாதோர் வீட்டுக்கு ஓவியத்தைக் கொண்டுவந்ததே இக்குடும்பத்தின் தொண்டு.

அச்சு வந்ததால் கை மறைந்தது என்று சொல்வதுண்டு. உண்மையில் கை மறையவில்லை. ஆங்கிலேயப் பட்டறைகளில் செப்புத் தகட்டில் அச்சிட்டவர் பெரும்பாலும் ஆண்; தாளைக் கத்தரித்தது சிறுமி; வளைந்த பாத்திரத்தில் சுருக்கமின்றி ஒட்டியது பெண். சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டிக் கூட்டைச் செய்து லேபிள் ஒட்டியதும் பெண்களும் குழந்தைகளுமே. அபாயகரமான தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சிவகாசி தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அக்குழந்தைகளை நாட்டின் முன் நிறுத்தியது. அழகிய லேபிளைப் பார்த்தவர் கண்ணில் அதை ஒட்டிய விரல் அதுவரை படவில்லை.

அப்படியானால் கையால் தீட்டிய மூலத்தில் கலைஞன் பெயர் இருந்ததா? சீனத்துச் சிங்தெச்சென் நகரைப் பற்றிப் பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712இல் எழுதிய கடிதம், ஒரு பாத்திரம் எழுபது பேர் கைகளைக் கடந்து உருவாகிறது என்கிறது. கோடிழுப்பவர் ஒருவர், வண்ணமிடுபவர் வேறொருவர். உயர்ந்த மூலமும் பெயரற்றோர் படைப்பே. விலைதான் வேறு.

நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கியதும் பெயர் வெட்டுகிறோம். கொடுத்தவர் பெயரோ பெற்றவர் பெயரோ இருக்கும்; செய்தவர் பெயரைக் கேட்பவர் இல்லை. இந்த மறதியில் அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு கிடையாது. ஆதலால் பூப்போட்ட தட்டை இலக்கணப் போலியாகவே கொள்ளலாம் என்று நினைக்கிறோம்: எழுத்து மாறியது, பொருள் மாறவில்லை.

பழைய அச்சுத் தட்டு கைக்குக் கிடைத்தால் அதன் விளிம்புப் பூவேலையைச் சுற்றிப் பாருங்கள். கொடி ஓரிடத்தில் இசையாமல் வெட்டுப்பட்டு நிற்கக்கூடும். தாளின் இரு முனைகள் சேர்ந்த இடம் அது. அச்சுத் தட்டை அடையாளம் காண வணிகர் தேடும் குறை அதுவே. அதை ஒட்டியவள் விட்டுச்சென்ற கையொப்பமும் அதுதான்.