இசையும் தசைத்தளர்வும்

துருக்கியின் எடிர்னே நகரில் 1488இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் இரண்டாம் பாயசீதின் மருத்துவமனையில், நோயாளருக்காக இசைக்கலைஞர் அமர்த்தப்பட்டிருந்ததை 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி பதிவுசெய்துள்ளார். எப்பண் எந்நோயைத் தணிக்கும் என்பதே அக்கால மருத்துவரின் வினாவாயிருந்தது.

1890களில் உருசிய உடற்றொழிலியலாளர் தார்க்கனோவ் இசையின் விளைவைத் தசையிலேயே அளந்தார். விரலாற் பாரமிழுக்கும் மொசோவின் கருவியில், எழுச்சியிசை களைத்த தசைக்கு வலுவூட்டியது; மந்தமான சோகவிசை அதனைத் தளர்த்தியது.

2006இல் இத்தாலியரான பெர்னார்டி குழுவினர், இந்திய இராகம் உட்பட ஆறு வகையிசையை 24 பேருக்குக் கேட்பித்தனர். மூச்சையும் குருதியமுக்கத்தையும் உயர்த்தியது இசைவகையன்று, அதன் விரைவே. இடையில் அமைந்த இரண்டு நிமிட மௌனத்திலோ இதயத்துடிப்பு தொடக்கநிலையினும் தாழ்ந்தது.

ஆகவே, உடலைத் தளர்த்தும் ஆற்றலை ஒரு பண்ணுக்கோ ஒரு மரபுக்கோ தனியுரிமையாக்குதல் பொருந்தாது.