ஒரு ஷெட், ஒரு துறைமுகம், ஒரு முத்திரைத்தாள்

இந்த எபிசோட் எங்கப்பாவோட ஷெட்ல இருந்து ஆரம்பிக்குது. திருவொற்றியூர்ல ரெண்டு லேத் மெஷின் போட்ட ஒரு வாடகை இடம். 2018ல ஓனர் விக்கணும்னு சொன்னார். விலை 40 லட்சம். அந்த இடத்துக்கு அரசு வழிகாட்டி மதிப்புப்படி வந்தது 25 லட்சம்தான். ஓனர் சொன்னது: "பத்திரத்துல 25 போட்டுக்கலாம் சார், மீதி 15 கையில குடுத்துடுங்க." பேங்க் மேனேஜர் சொன்னது: "பத்திரத்துல என்ன தொகையோ, அதுக்குத்தான் லோன்." அப்பாகிட்ட 15 லட்சம் ரொக்கம் இல்ல. பேரம் முறிஞ்சது.

நான் அப்போ காலேஜ் முடிச்ச புதுசு. ஓனர் பேராசை பிடிச்சவர்னுதான் நினைச்சேன். ஆனா அந்த 25, 40 ரெண்டுக்கும் நடுவுல பெரிய வரலாறே இருக்கு.

முத்திரை வரி 1624ல ஹாலந்துல பிறந்தது. 1694ல பிரான்ஸோட நடந்த போருக்குக் காசு தேடி இங்கிலாந்து அதை எடுத்துக்கிச்சு. 1797ல கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்துல கொண்டு வந்தது. நாம இன்னைக்கும் பயன்படுத்துறது 1899ம் வருஷத்து இந்திய முத்திரைச் சட்டம். ராயபுரத்துல முதல் ரயில் கிளம்பி 43 வருஷம் கழிச்சு வந்த சட்டம்!

வரி எவ்வளவுன்னு பத்திரத்துல எழுதுற தொகைதான் முடிவு பண்ணும். அப்போ குறைச்சு எழுதத்தானே தோணும்? அதைத் தடுக்க 1967ல நம்ம மாநிலம் சட்டத்துல 47ஏ பிரிவைச் சேர்த்தது. மதிப்பு குறைவா இருக்குன்னு சந்தேகம் வந்தா, பதிவாளர் அதை கலெக்டர் விசாரணைக்கு அனுப்பலாம். சரிபார்க்க ஓர் அளவுகோல் வேணுமில்லையா, அதுதான் வழிகாட்டி மதிப்பு. தெருவுக்குத் தெரு, சர்வே நம்பருக்கு சர்வே நம்பர் தனி விலை. இதுக்குக் கீழ போகாதேன்னு வெச்ச கோடு, நடைமுறையில இதுவரைக்கும் எழுதினா போதும்ங்கிற கோடாயிடுச்சு. இந்த மாதிரி பக் நான் கோடிங்ல நிறைய பார்த்திருக்கேன்.

2017 ஜூன்ல அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1ல இருந்து 4 சதவீதமா ஏத்தினது. முத்திரை வரி 7, ஆக மொத்தம் 8ல இருந்து 11. கணக்குப் போட்டுப் பாருங்க. வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் எழுதறவர் முன்னாடி 100 ரூபாய்க்கு 8 கட்டினார்; இப்போ 67 ரூபாய்க்கு 11 சதவீதம், ஏழரைக்கும் குறைவு. உண்மையான விலையை எழுதறவருக்கு 8 போய் 11 ஆச்சு. அதாவது நேர்மைக்கு 3 ரூபாய் அபராதம். அப்பா மாட்டினது சரியா இந்த இடத்துலதான். 2023 ஏப்ரல்ல மதிப்பைப் பழைய அளவுக்கே கொண்டு போய், பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினாங்க. மொத்தம் 9.

சரி, பெரிய கம்பெனிகள் எப்படி வாங்குது? பல நேரம் நிலத்தை வாங்குறதே இல்ல. நிலம் வெச்சிருக்கிற கம்பெனியோட பங்குகளை வாங்கிடும். அரசியலமைப்போட ஏழாவது அட்டவணைப்படி நிலப் பத்திரத்துக்கு வரி விகிதத்தை முடிவு பண்றது மாநிலம். பங்குப் பத்திரத்துக்கு மத்திய அரசு. 2020 ஜூலையில இருந்து பங்கு மாற்றத்துக்கு 0.015 சதவீதம். 10 கோடி ரூபாய் குடோனை நேரா வாங்கினா 90 லட்சம் வரி. அந்த குடோன் மட்டுமே சொத்தா இருக்கிற கம்பெனியை அதே 10 கோடிக்கு வாங்கினா 15,000 ரூபாய். அந்தக் கம்பெனியோட பழைய கடனும் கேஸும் கூடவே வரும்ங்கிறது வேற கதை.

நம்ம ஏரியாவுலயே பெரிய உதாரணம் இருக்கு. எண்ணூர் காமராஜர் துறைமுகம் ஒரு கம்பெனி. 2020 மார்ச்ல மத்திய அரசு தன்கிட்ட இருந்த 66.67 சதவீதப் பங்கை 2,383 கோடிக்கு சென்னைத் துறைமுகத்துக்கு வித்தது. ஒரு துறைமுகமே கை மாறுச்சு, கிரயப் பத்திரம் கிடையாது. இதை வரி ஏய்ப்புன்னு சொல்ல வரல. அரசும் அரசும் பண்ணின டீல், பங்கு விலையில தொழிலோட மதிப்பும் இருக்கு. ஆனா இந்த வழி ரெண்டு லேத் வெச்சிருக்கிறவருக்குக் கிடையாது.

இன்னொரு விஷயம், யாரும் அதிகம் பேசாதது. அந்த 7 சதவீதத்துல 2 சதவீதம் உள்ளாட்சிக்கான சொத்து மாற்று மிகுவரி. திருவொற்றியூர் 2011 வரைக்கும் தனி நகராட்சி, எண்ணூர் பக்கம் கத்திவாக்கமும் அப்படித்தான். இங்க ஒரு ஃபேக்டரி இடம் வித்தா அந்த 2 சதவீதம் இந்த ஊர் நகராட்சிக்கு. அந்த வருஷம் அக்டோபர்ல ரெண்டும் சென்னை மாநகராட்சியோட சேர்ந்தது. இப்போ அது மொத்த சென்னைக்கும் பொதுவான கஜானாவுக்குப் போகுது. லாரி புழுதி மட்டும் இன்னும் லோக்கல்.

அப்பா இன்னும் அதே ஷெட்லதான். 11 மாச ஒப்பந்தம். ஏன் 11? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு பண்ணணும்னு 1908ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்லுது. அதைத் தாண்டாம இருக்க வந்த பழக்கம் அது. அடுத்த மாசம் புதுப்பிக்கணும். ஓனர் மறுபடியும் விக்கிற பேச்சை எடுத்திருக்கார், இந்த முறை அவர் சொல்ற விலை 55.