ஒரு தோட்டா, இரண்டு விதிகள்: இந்தியாவில் பெருங்குழல் ரிவால்வர்

இந்தியாவில் தற்காப்புக்கென உரிமம் பெற்று ரிவால்வர் வாங்கச் செல்பவர் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் 0.32 அங்குலக் குழல் கொண்ட துப்பாக்கியே. ஒருகாலத்தில் இந்த நாட்டின் படைமுகாம்களில் அன்றாடம் காணப்பட்ட 0.455 வெப்ளி ரிவால்வரைச் சாதாரணக் குடிமகன் வாங்க முடியாது. பெரிய குழல் அதிக ஆபத்து, ஆகவே அரசு அதைத் தடுத்திருக்கிறது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். சட்டத்தின் வாசகத்தை நேரடியாகப் படித்தால் இந்த விளக்கம் நிலைப்பதில்லை. தடை விதிக்கப்பட்டது துப்பாக்கியின் வலிமைக்கு அன்று; அது எந்தத் தோட்டாவை ஏற்கும் என்பதற்கே. அந்த வேறுபாட்டின் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

1851இல் லண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் இரண்டு ரிவால்வர்கள் போட்டியிட்டன. ஒன்று அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டினுடையது; மற்றது ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸினுடையது. கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்து நிறுத்த வேண்டும். ஆடம்ஸின் ரிவால்வரில் விசையை இழுத்தாலே உருளை சுழன்று, சுத்தியல் எழுந்து, விழுந்து, குண்டு வெளியேறும். பிரெடரிக் பியூமாண்ட் என்ற இராணுவப் பொறியாளர் 1856இல் இவ்விரு முறைகளையும் ஒரே துப்பாக்கியில் இணைத்தார். நிதானமாகக் குறிபார்க்க நேரமிருந்தால் கட்டைவிரலைப் பயன்படுத்தலாம். நேரமில்லையெனில் விசையை மட்டும் இழுக்கலாம். இன்று டபுள் ஆக்‌ஷன் என்று அறியப்படும் அமைப்பு இதுவே.

அடுத்த ஆண்டு வட இந்தியாவில் வெடித்த கிளர்ச்சி, இந்தத் தொழில்நுட்ப விவாதத்தை உயிர்ப் பிரச்சினையாக்கியது. அக்காலப் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைத் தாங்களே தெரிந்தெடுத்து, சொந்தப் பணத்தில் வாங்கினர். கோல்ட்டின் கடற்படை மாதிரியின் குழல் 0.36 அங்குலம், ஆடம்ஸ் வகையில் பரவலாக வாங்கப்பட்டதன் குழல் ஏறத்தாழ 0.44 அங்குலம். கோல்ட் தொலைவில் துல்லியமாகச் சுட்டது. ஆயின் 1857இன் சண்டைகள் பல, சந்துகளிலும் வாயில்களிலும் வாளெட்டும் தூரத்தில் நிகழ்ந்தன. வங்காளப் படையில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபாஸ்பெரி பின்னாளில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைப்பதுண்டு: தன் குறிபார்க்கும் திறனில் பெருமை கொண்ட அதிகாரி ஒருவர் கோல்ட்டால் சுட்டார், குண்டுகள் எதிரியின் உடலில் பாய்ந்தும் அவன் நிற்கவில்லை, வாள் அதிகாரியின் தலையில் இறங்கியது. இக்கதையின் ஒவ்வொரு விவரமும் மெய்யா என்பதைவிட, அது மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டதே முக்கியம். பெரிய குண்டு, விரைவான விசை என்ற இரு கோரிக்கைகளும் இந்திய அனுபவத்தின் பெயரால் வலுப்பெற்றன.

அந்தக் கோரிக்கைகளுக்குப் பொருந்தி வந்ததே பர்மிங்காமின் வெப்ளி நிறுவனம் தயாரித்து, 1887இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட ரிவால்வர். ஆறு தோட்டாக்கள், 0.455 குழல், நடுவே மடித்துத் திறந்தால் காலிக் கூடுகள் தாமாகவே வெளியே தள்ளப்படும் அமைப்பு. இதன் பின்னரும் அதிகாரிகளின் தெரிவுரிமை பறிக்கப்படவில்லை. வெப்ளியின் உயர்தர மாதிரிகளையோ வேறு நிறுவனத்தின் ரிவால்வரையோ அவர்கள் வாங்கலாம். விதிக்கப்பட்ட முதன்மை நிபந்தனை, அது படையின் தோட்டாவை ஏற்க வேண்டும் என்பதே. போர்க்களத்தில் தோட்டா தீர்ந்தால் அரசுக் கிடங்கிலிருந்து நிரப்பிக்கொள்ள வேண்டுமல்லவா?

இதே காலத்தில் இந்தியருக்கு எழுதப்பட்ட விதி வேறு. கிளர்ச்சி அடங்கியபின் 1860இல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. லிட்டன் பிரபுவின் ஆட்சியில், தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கிய அதே 1878ஆம் ஆண்டில், 11ஆம் எண் ஆயுதச் சட்டம் பிறந்தது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ அச்சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகள் விலக்களித்தன. பத்திரிகைச் சட்டம் நான்கே ஆண்டுகளில் நீக்கப்பட்டது. ஆயுதச் சட்டம் நீடித்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் பிபின் சந்திர பால் அதனை எதிர்த்து வாதாடினார். வெப்ளி படைக்குள் நுழைந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயல்தான். ஆனால் பொருளற்ற தற்செயல் அன்று.

ஆட்சியின் அச்சம் எதைக் குறித்தது என்பதை 1907ஆம் ஆண்டையொட்டி வந்த இன்னொரு தடை வெளிப்படுத்துகிறது. பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவத் துப்பாக்கிகள் பல கலகக்காரர் கைகளில் இருந்தன. அவற்றுக்குரிய 0.450 தோட்டாக்கள் வேட்டைத் துப்பாக்கிகளின் பெயரால் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் குழல் அளவு கொண்ட துப்பாக்கிகளின் இறக்குமதி இந்தியாவில் தடுக்கப்பட்டது. யானை, புலி வேட்டைக்குப் பெருங்குழல் துப்பாக்கி செய்து விற்ற ஆங்கில நிறுவனங்கள் என்ன செய்தன? குழலைச் சற்றே பெரிதாக்கின. 0.465, 0.470 என்ற புதிய அளவுகள் தோன்றின. 0.450 கூடாது, 0.470 கூடும்! ஆபத்தை அளக்கும் சட்டமாக இருந்திருப்பின் இது நகைப்புக்குரியது. தோட்டா யாரிடமிருந்து யாருக்குச் செல்லக்கூடும் என்பதை அளக்கும் சட்டமாகப் பார்த்தால் முற்றிலும் பொருத்தமானது.

துப்பாக்கி இருந்தும் அதற்கேற்ற தோட்டா இல்லாத நிலையின் விளைவை லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. 1927இல் அமிர்தசரஸில் ஆயுதச் சட்டத்தின் கீழ்க் கைதாகிச் சிறை சென்ற உதம் சிங், 1940 மார்ச் 13 அன்று காக்ஸ்டன் மண்டபத்தில் மைக்கேல் ஓ'டயரைச் சுட்டார். அவர் கையிலிருந்தது 0.45 அளவுள்ள ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர். அதில் நிரப்பப்பட்டிருந்தவையோ 0.44 அளவுள்ள பழைய தோட்டாக்கள். குழலைவிடச் சிறிய குண்டு தன் முழு விசையோடு வெளியேறாது. மிக நெருக்கத்தில் சுடப்பட்ட ஓ'டயர் இறந்தார். ஜெட்லண்ட் பிரபு உள்ளிட்ட மற்ற மூவர் காயங்களுடன் தப்பினர். பெருங்குழல் ரிவால்வரின் உண்மையான உரிமையாளர், அதன் தோட்டாவுக்கு வழியுள்ளவரே.

ஆயுதம் மறுக்கப்பட்டது அவமதிப்பு என்ற உணர்வு தேசிய இயக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருந்தது. அகிம்சையைப் போதித்த காந்தியே, முதல் உலகப்போருக்கு ஆள்சேர்த்த 1918ஆம் ஆண்டில், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய இச்சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கரிய செயலாக வரலாறு கருதும் என்ற பொருள்பட எழுதினார். 1931இன் கராச்சித் தீர்மானம், ஒழுங்குவிதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொணர்ந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பிரிவினையின் குருதி உலராத காலம் அது. ஒவ்வொரு குடிமகனுக்கும் நிபந்தனையின்றி இவ்வுரிமையை வழங்க இயலுமா என்ற அவருடைய தயக்கத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திருத்தம் தோற்றது. அரசியலமைப்பில் எஞ்சியது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை.

சுதந்திர இந்தியா 1878இன் சட்டத்தை நீக்கி, 1959இல் தனக்கென ஆயுதச் சட்டம் இயற்றியது. 1962இல் அது விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியருக்குத் தனிச்சலுகை தராத, குடிமக்கள் அனைவருக்குமான சட்டம் அது. எனினும் கைத்துப்பாக்கிகளுள் எவை தடைசெய்யப்பட்ட வகை என்று அவ்விதிகள் வரையறுத்த இடத்தில் பழைய காலனியத் தர்க்கம் மாறாமல் நின்றது. 0.380, 0.455 ஆகிய விளிம்புத் தோட்டாக்களையோ படைக்குரிய 9 மில்லிமீட்டர் தோட்டாவையோ ஏற்றுச் சுடவல்ல பிஸ்டல், ரிவால்வர் என்பதே அவ்வரையறையின் சாரம். இலக்கண நோக்கில் இது கவனத்திற்குரியது. தடைக்குரிய பொருளை நிர்ணயிக்கும் வினை ‘கொல்லவல்ல’ என்பதன்று. ‘ஏற்றுச் சுடவல்ல’ என்பது. குண்டின் எடையோ வேகமோ இத்தொடரில் இடம்பெறவில்லை. இராணுவக் கிடங்கிலிருந்து கசியும் தோட்டா பொருந்துமா என்ற ஒரே கேள்விதான் இருக்கிறது.

0.32 தோட்டா அந்தக் கிடங்கைச் சேர்ந்ததன்று. ஆகவே அது அனுமதிக்கப்பட்டது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்த 0.32 ரிவால்வர் பழைய வெப்ளியைப் போலவே நடுவே மடிந்து திறக்கிறது. 2014இல் டில்லிப் பாலியல் வன்கொடுமையின் நினைவில் ‘நிர்பீக்’ என்ற பெயரில், டைட்டானியக் கலவையில், பெண்களுக்கென ஒரு 0.32 ரிவால்வர் வெளியிடப்பட்டது. அதன் விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். 2020இல் வெப்ளி நிறுவனமே ஓர் இந்திய நிறுவனத்துடன் கைகோத்து உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் ரிவால்வர் உற்பத்தியில் இறங்கியது. பெயர் திரும்பி வந்தது, 0.455 வரவில்லை. அதன் குழலும் 0.32தான்.

ஒரே தோட்டா, இரண்டு விதிகள். ஆளும் அதிகாரிக்கு, படையின் தோட்டாவை ஏற்கும் எந்தத் துப்பாக்கியும் கூடும். ஆளப்படுபவருக்கு, படையின் தோட்டாவை ஏற்கும் எந்தத் துப்பாக்கியும் கூடாது. முதல் விதி அதிகாரியை அரசின் நீட்சியாகக் கண்டது. இரண்டாவது, குடிமக்களை அரசின் கிடங்குக்கு எதிரே நிற்பவர்களாகக் கண்டது. துப்பாக்கிகள் பெருகாத நாடு நல்ல நாடு என்று வாதிடுபவர்க்கு வலுவான காரணங்கள் உண்டு. அவை உயிர்களைக் காப்பது பற்றியவை. ஆனால் 0.455க்கு மறுப்பும் 0.32க்கு அனுமதியும் அந்தக் காரணங்களிலிருந்து பிறக்கவில்லை. அவை 1857இன் அச்சத்திலிருந்து பிறந்தவை. குடியரசு அந்தச் சட்டத்தை மாற்றி எழுதியபோதும், யாரை நோக்கி அந்த அச்சம் எழுந்ததோ அவர்களே இப்போது அரசின் உரிமையாளர்கள் என்பதை வரையறையில் எழுத மறந்துவிட்டது.