வலிக்கிற முட்டிக்குப் பஸ்கியா? ஒரு சின்ன வரலாறு

எங்க பனியன் கம்பெனி பசங்களோட ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஆடுவேன். போன வருஷம் முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு விரல் வைக்கிற இடத்தில் வலி வந்தது. நடந்தா இல்லை, குதிச்சா இருக்கு. கட்டிங் மாஸ்டர் சொன்னார்: "ஆறு மாசம் கிரவுண்டுப் பக்கமே போகாதீங்க தம்பி." ஜிம்மில் ஒருத்தர் நேர் எதிராகச் சொன்னார்: "வெயிட் போட்டு ஸ்குவாட் அடிங்க." யார் சொல்றது சரின்னு தேடப் போய்ச் சேர்ந்த குறிப்புகள் இவை.

இந்த வலிக்கு "குதிப்பவர் முட்டி" என்று 1973-இல் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் பிளாசினா. சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாணில்தான் கோளாறு. வீக்கம் என்று நினைத்து ஓய்வும் மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். பிற்பாடு நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சியைவிடச் சிதைந்த இழைகளே அதிகம் தெரிந்தன. அப்படியென்றால் ஓய்வு எதைச் சரிசெய்யும்?

1980-களில் கனடாவின் ஸ்டானிஷும் கர்வினும் தசைநாணுக்கு மருந்தே பாரம்தான் என்றார்கள். முக்கியமாக, பாரத்தோடு கீழே இறங்கும் பாதி. அதைப் பிரபலமாக்கியது ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன். அவருக்கே குதிகால் நாணில் வலி. மேலதிகாரி அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. நாண் அறுந்தாலாவது ஆபரேஷன் செய்வார்கள் என்று வலியோடு பாரம் ஏற்றினார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது! 1998-இல் 15 பேரிடம் 12 வாரம் சோதித்தார். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

குதிகாலுக்குச் சரியானது முட்டிக்கும் வந்தது: 25 டிகிரி சரிவுப் பலகையில் நின்று, வலிக்கும் காலில் மெதுவாக இறங்குவது. 2006-இல் நார்வேயில் இதையும் அறுவையையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கத்தி வைக்குமுன் 12 வாரம் பயிற்சி செய்து பாருங்கள் என்பது அதன் பாடம். ஆனால் அதே நாட்டில் 2005-இல், சீசன் நடுவே ஆடிக்கொண்டே இதைச் செய்த வாலிபால் வீரர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. ஞாயிறு ஆட்டத்தை நானும் விடவில்லையே.

திருப்பூர் தனி மாவட்டமான அதே 2009-இல் டென்மார்க்கில் கோங்ஸ்கோர் குழு 39 ஆண்களை மூன்றாகப் பிரித்தது: ஸ்டீராய்டு ஊசி, சரிவுப் பலகை, கனமாகவும் மெதுவாகவும் தூக்கும் பயிற்சி. 12 வாரத்தில் மூவருமே தேறினார்கள். அரை வருஷத்தில் ஊசிக்காரர்கள் சறுக்கினார்கள். பயிற்சிகள் இரண்டும் தாக்குப்பிடித்தன. ஆனால் திருப்தி என்று சொன்னவர்கள் கனப் பயிற்சியில் 73%, பலகையில் 22%.

ஏன் அவ்வளவு வித்தியாசம்? என் ஊகம் இது. பலகைப் பயிற்சி தினம் இரண்டு வேளை, அதாவது வாரம் 14 தடவை. கனப் பயிற்சி வாரம் மூன்றே தடவை. மூணு செகண்டு இறக்கம், மூணு செகண்டு ஏற்றம். 15 முறை தூக்க முடிகிற எடையில் ஆரம்பித்து, வாரங்கள் போகப்போக 6 முறை மட்டுமே முடிகிற எடைக்குப் போவது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நம்ம ஊர்க்காரனுக்கு எது முடியும்? காலை 8.30-க்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை. நாளுக்கு ரெண்டு வேளை பலகை ஏறுவது நடக்கிற காரியமில்லை.

2015-இல் ஆஸ்திரேலியாவின் எபனி ரியோ, அசையாமல் 45 விநாடி வீதம் ஐந்து முறை பாரத்தைத் தாங்கினால் வலி உடனே குறைகிறது என்றார். ஆனால் சோதித்தது 6 பேரை. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த அளவு மாயம் கிடைக்கவில்லை. 2021-இல் நெதர்லாந்தில் 76 பேரிடம் எல்லாவற்றையும் படிப்படியாகக் கோத்தார்கள்: முதலில் அசையாப் பிடி, பிறகு கனம், பிறகு குதிப்பு, கடைசியில் ஆட்டம். 24 வாரத்தில் 100-க்கு 84 மதிப்பெண். பலகைக் குழுவுக்கு 75. ஆனால் அந்தப் படிப்படியான குழுவிலும் பழைய அளவு ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 43% மட்டுமே. ஆறு மாசமும் போதவில்லை!

ஆக, மாஸ்டரும் ஜிம்காரரும் ஆளுக்குப் பாதி சரி. குதிப்பதைக் குறைக்கணும், பாரத்தைக் கூட்டணும். நம்ம தாத்தாக்கள் எடுத்த பஸ்கியும் இதே அசைவுதான். அதில் எடையும் நிதானமும் சேர்க்க வேண்டியிருக்கு, அவ்வளவுதான். முட்டி வலி எல்லாமே இந்த நாண் வலி இல்லை. முதலில் ஒரு பிசியோவிடம் காட்டிவிடுங்கள்.

நான் இப்போ ஒன்பதாவது வாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கோர் எழுதுறேன்.