தேவாலயத்தில் பூட்டிய ரொக்கெட்



நம் லிங்கநகரிலிருந்து மேற்கு நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாவைக் கடந்து, திருச்செந்தூரை அண்டி, கேரளக் கரையிலுள்ள தும்பாவை அது தொடும். இரண்டு ஊரும் ஏறத்தாழ எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் உள்ளவை. திருவனந்தபுரத்துக்குப் போவோர் பத்மநாப சுவாமியைக் கும்பிட்டதும் திரும்பிவிடாமல், தும்பாவிலுள்ள விண்வெளி நூதனசாலையையும் பார்த்துவர வேண்டும்.

மீனவர் வாழ்ந்த அந்தக் கரையை விஞ்ஞானிகள் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்கிறது. அதற்கு மேலே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் உயரத்தில் பகற்பொழுதில் வலிய மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் எட்டாது. செய்மதியோ அதற்கு மேலே சுற்றுவது. ரொக்கெட் ஒன்றே வழி.

ஆனால் விக்ரம் சாராபாய் தேர்ந்த இடத்தில் புனித மரிய மதலேனாள் தேவாலயம் இருந்தது, சுற்றிலும் குடியிருப்புகள். ஆயர் பீற்றர் பெர்னாட் பெரெய்ரா ஞாயிறு வழிபாட்டில் சபையாரிடமே கேட்டார் என்றும், அவர்கள் 'ஆமென்' என்றனர் என்றும் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வீட்டு அடுப்புகள் இடம் மாறின! 2006 இல் போர் துரத்தச் சம்பூரை விட்டு வந்தவர்களை அறிந்த நமக்கு அது விளங்கும். அங்கே கேட்டுப் பெற்றார்கள் என்பது பெரிய வேறுபாடுதான். ஆயினும் கேட்டவர் தரப்புக் கதையே நமக்குக் கிடைத்திருக்கிறது. கொடுத்தவர்கள் வாயால் அதைக் கேட்க எனக்கு ஆசை.

தேவாலயம் வேலைக்களமாயிற்று. ஆயரின் அறையில் வரைபடங்கள் எழுந்தன. 1963 நவம்பர் 21 அன்று, அங்கே பூட்டிய அமெரிக்க நைக்-அப்பாச்சி ரொக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றும்போது பாரந்தூக்கி கசிந்து பழுதாக, எல்லோரும் கைகொடுத்துத் தூக்கினராம். அந்தி வானில் அது கக்கிய சோடியம் ஆவி செம்மஞ்சள் மேகமாய்ப் படர்ந்தது. ரொக்கெட்டின் முனைக்கூம்பைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோகும் புகழ்பெற்ற படம், 1966 இல் பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே-பிரெஸோன் எடுத்தது.

இடையே ஒரு தமிழாசிரியனின் குறுக்கீடு: நம் தும்பைப் பூவுக்கு மலையாளத்தில் தும்ப என்று பெயர். பழந்தமிழ் மறவர் போருக்குச் சூடிய பூ அது. அப்பெயர் ஒலிக்கும் ஊரின் ஏவுதளத்தையோ, 1968 பெப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே வந்து ஆராய்ந்தனர்.

தேவாலயத்தை இடிக்கவில்லை. அதுவே நூதனசாலை. ரொக்கெட்டுகளின் மாதிரிகளும் செய்மதிகளின் மாதிரிகளும் அங்கே இருக்கின்றன. மரிய மதலேனாளுக்கான வழிபாடு பள்ளித்துறையில் எழுந்த புதிய கோயிலில் நடைபெறுகிறது.